கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த உறை

ராச்டேல், இங்கிலாந்து
6 அக்டோபர் 2013

அம்மா,

போனில் பேசினால் நம் இருவரில் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். வகுப்பில்கூட எனக்குப் பேச்சைவிடக் கரும்பலகையில் எழுதுவதுதான் சுலபம்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை உன் சமையலறையில் நின்று நான் சொன்னதை மறக்கவில்லை. "ராச்டேல்லயே இருந்திருந்தா அப்பா இன்னிக்கு உயிரோட இருப்பார். இந்த மாட்டுக்காட்டுல கொண்டுவந்து போட்டுட்டீங்க." நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாய். நானும் ரயிலுக்குப் போய்விட்டேன். சொன்ன விதம் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்தை இன்னும் விட முடியவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் அந்தக் குடல் டாக்டர் என்னிடம், "உங்க அப்பாவுக்கு ரொம்ப நாளா ரத்தம் குறைஞ்சுகிட்டே வந்திருக்கு, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். போன வருடம் மார்ச்சில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள் இல்லையா. அந்த லேப் காகிதம் எங்கே இருக்கிறது? அதைப் பார்த்தும் டாக்டர் ருவே ஒன்றும் செய்யவில்லை என்றால் அவர்மேல் புகார் எழுத வேண்டும். பிரெஞ்சில் நானே எழுதுவேன்.

பீரோமேல் இருக்கும் அப்பாவின் மருத்துவ ஃபைலை அப்படியே எனக்கு அனுப்பிவிடு. தபால் செலவை நான் தருகிறேன்.

ஹேலி


லெ மாஸ், பிரான்ஸ்
17 அக்டோபர்

ஹேலி,

உன் கடிதம் கிடைத்தது. ஃபைலை அனுப்ப மாட்டேன். அது பீரோமேலேயே இருக்கும்.

டாக்டர் ருவேயைப் பற்றி நீ எழுதியது நியாயமில்லை. போன வருடம் மார்ச் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். அவருக்கு எழுபத்தோரு வயது. முப்பது வருடமாக இந்தப் பக்கத்து எல்லா வீட்டுக்கும் அவர்தான் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கதவில் ஒரு அட்டையை ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். புது டாக்டர் வரப் பதினொரு மாதம் ஆனது. இப்போது வந்திருப்பவள் ருமேனியாக்காரி, பெயர் முந்தியானு. அவளுக்கும் பிரெஞ்சு தாய்மொழி இல்லை, அதனால் மெதுவாகப் பேசுகிறாள். எனக்குப் புரிகிறது.

நீ இதை மாட்டுக்காடு என்றாய். உன் அப்பாவின் அடக்கத்துக்கு அந்த மாட்டுக்காரர்கள் நாற்பத்தாறு பேர் வந்தார்கள். பால் கறக்கிற நேரம் அது. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ராச்டேல் பஸ் டெப்போவில் முப்பத்தெட்டு வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தார். அங்கிருந்து வந்தது ஒரு இரங்கல் அட்டை.

காலையில் நர்ஸ் ஸொலாஞ்ஜ் வந்தாள். இப்போது அவளுக்கு இங்கே வேலை இல்லை. உன் அப்பாவுக்கு ஊசி போட வந்த பழக்கத்தில் ஏழு மணிக்கு வண்டி தானாக இங்கே திரும்புகிறதாம். என் காபியைக் குடித்துவிட்டு, "மதாம் ஓக்டன், நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க. சாப்பிடுறீங்களா, இல்ல பூனைக்குப் போடுறீங்களா?" என்றாள். பூனை செத்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். "அப்போ பூனையைவிட நீங்க பரவாயில்ல" என்றாள்.

முன்வாசல் ரோஜாவை வெட்டிவிட்டேன்.

அம்மா


ராச்டேல்
27 அக்டோபர்

அம்மா,

உங்களைப் போலவே இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய பெவர்லி எனக்கு எழுதியிருக்கிறாள். அவள்மேல் கோபப்படாதே. வியாழக்கிழமை காபிக் கூட்டத்துக்கு நீ வரவில்லை என்று பார்க்க வீட்டுக்கு வந்தாளாம். அலமாரியில் கடிகாரத்துக்குப் பின்னால், அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில், பிரிக்காத ஓர் உறை இருந்ததாம். உன் பெயருக்கு, மார்பகப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்தது. தபால் முத்திரையில் ஆகஸ்ட் என்று இருந்ததாம்.

அவள் உன்னிடம் கேட்டதையும் எழுதியிருக்கிறாள். நீ, "ஏதாவது இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க" என்றாயாம். அவள், "தெல்மா, இது இங்கிலாந்து இல்ல. இங்க உன் காகிதத்தை நீயேதான் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட நடக்கணும். எக்ஸ்ரேயைக்கூட உன் கையில குடுத்து அனுப்புறாங்க, பார்க்கலையா" என்றாளாம். நீ அவளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்துப் பேச்சை மாற்றினாயாம்.

அம்மா, அந்த உறையைப் பிரி. தயவுசெய்து இன்றே பிரி. பிரெஞ்சு புரியாவிட்டால் ஸொலாஞ்ஜிடம் காட்டு. நவம்பர் ஒன்றாம் தேதி அங்கே பண்டிகை விடுமுறை, எல்லாம் மூடியிருக்கும். அதற்கு முன்னால் செய்.

வேறு எதையும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. ஃபைல்கூட வேண்டாம்.

ஹேலி


லெ மாஸ்
9 நவம்பர்

ஹேலி,

பெவர்லிக்கு இங்குள்ள எல்லா விண்ணப்பப் படிவமும் தெரியும். பிறர் வீட்டு அலமாரியைப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது.

உறையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே எங்கள் வயதுப் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு எழுதுவார்கள். ஜூலையில் வந்தது. உன் அப்பா இருந்த நிலையில் நான் போகிறதாக இல்லை. ஸொலாஞ்ஜ்தான் தன் ஓய்வு நாளில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே படம் எடுத்த டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு வேறொரு டாக்டர் இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்து, தபாலில் எழுதுவாராம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அந்தத் தபால் வந்தது. அந்த வாரம் உன் அப்பாவுக்குத் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தேன். அது அங்கேயே இருக்கிறது.

ஸொலாஞ்ஜிடம் காட்ட மாட்டேன். பெவர்லியிடமும் காட்ட மாட்டேன்.

நீ ஃபைல் வேண்டாம் என்று எழுதிய பிறகு அதில் இருப்பதை உனக்குச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மார்ச் மாத லேப் காகிதம் அதில் இருக்கிறது. டாக்டர் ருவே தன் கடைசி வாரத்தில் எழுதிக் கொடுத்த பரிசோதனை அது. லேப் ஒரு பிரதியை நமக்கும் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பியது. அவருடையது பூட்டிய கதவுக்குள் விழுந்து கிடந்தது. முந்தியானு கதவைத் திறந்தபோது ஒரு சாக்குத் தபால் இருந்ததாம். நம்முடையதை ஃபைலில் துளையிட்டுக் கோத்தது நான்தான். தேதி வாரியாக, மின்சாரக் கட்டண ரசீதுக்கு வைப்பது மாதிரி. இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. அதை நான் பார்த்தேன்.

ஆகவே புகார் எழுதுவதாக இருந்தால் என் பெயரைப் போட்டு எழுது.

அம்மா


ராச்டேல்
17 நவம்பர்

அம்மா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. இதுவரை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ ஃபைலில் கோத்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அதைத்தான் நான் அக்டோபரிலேயே எழுதியிருக்க வேண்டும். டாக்டர் ருவேமேல் புகார் எழுதுவதற்குப் பதிலாக.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் முன்னால் அறுபது பரீட்சைத் தாள்கள். அப்பா போன் செய்தார். அவர் தானாகப் போன் செய்வது உனக்குத் தெரியுமே, வருடத்துக்கு இரண்டு தடவை. "கண்ணு, ஒரு காகிதம் வந்திருக்கு. ரெண்டு வரி கொட்டை எழுத்துல இருக்கு. எழுத்துக்கூட்டிச் சொல்றேன், என்னன்னு சொல்றியா?" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். முதல் வார்த்தை எனக்குப் புரியவில்லை. இரண்டாவதும் புரியவில்லை. பிரெஞ்சில் பட்டம் வாங்கியவள் நான். நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பட்டமளிப்புப் போட்டோவை அவர் டெப்போ சாப்பாட்டு அறையில் மாட்டி வைத்திருந்தார். அவரிடம் போய், அப்பா, இது எனக்குத் தெரியாத வார்த்தை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அம்மா. எழுந்தால் இரண்டு அடி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எல்லாருக்கும் அப்படித்தான் அச்சடிப்பாங்க. ஏதாவது இருந்தா டாக்டரே போன் பண்ணுவார்" என்றேன்.

"அப்படியா, சரி சரி. நீ தாளைத் திருத்து" என்றார்.

நான் அந்த நாட்டில் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். இருமலுக்குப் போன பல்கலைக்கழக டாக்டர் என் எக்ஸ்ரேயை என் கையில்தான் கொடுத்தார். அங்கே யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ராச்டேலில் உட்கார்ந்து ராச்டேல்காரியாகப் பதில் சொல்லிவிட்டேன்.

ஜனவரியிலிருந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்தன்று நான் உன்னிடம் கத்தியது எதற்கு என்று இப்போது உனக்குப் புரியும்.

நீ இனிமேல் எனக்கு எழுதாவிட்டாலும் சரி. அந்த உறையை மட்டும் பிரித்துவிடு.

ஹேலி


லெ மாஸ்
28 நவம்பர்

அன்புள்ள ஹேலி,

எனக்குத் தெரியும்.

நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அந்த அறையில்தானே இருக்கிறது. உன் அப்பா எழுத்துக்கூட்டியதைக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லையாம், நம்ம பொண்ணு சொல்லிட்டா" என்றார். ரொம்ப நிம்மதியாகச் சொன்னார். நான் காகிதத்தை வாங்கித் துளையிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் அல்ல. அறுபது வருடம் அப்படித்தான் வாழ்ந்தோம். அங்கே டாக்டர் கூப்பிடவில்லை என்றால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம். உன் அப்பாவும் நானும் இங்கே வந்து ரொட்டி வாங்கக் கற்றுக்கொண்டோம், மாட்டுக்காரர்களுக்குக் கை கொடுக்கக் கற்றுக்கொண்டோம். அந்த ஒன்றை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்த அன்று, வாடகைக் காரில் திரும்பி வரும்போது உன் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வரும்போது சொன்னார். "தெல்மா, அந்த ஞாயித்துக்கிழமையை ஹேலி மறந்திருப்பா. மறந்தே இருக்கட்டும். நீ எந்தக் காலத்துலயும் அந்தப் பேச்சை எடுக்காதே." நான் வாக்குக் கொடுத்தேன். "நீ கோபத்துல சொல்லிடுவே, உன்னை எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு இன்னொரு தடவை வாக்குக் கொடுத்தேன்.

அடக்கத்தன்று நீ கத்தியபோது அது என் வாய்வரை வந்தது. அதனால்தான் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் நீ அங்கே நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். ஃபைலை அனுப்ப மறுத்ததும் அதற்காகத்தான். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்தால் உனக்கு நினைவு வந்துவிடும் என்று நினைத்தேன். நீ மறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

என் உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைப் பிரித்தால் உள்ளே இருப்பதைப் படிக்க எனக்கு வேண்டியவள் நீ ஒருத்திதான். நான் போன் செய்து எழுத்துக்கூட்டினால் உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வரும். அதைவிடப் பிரிக்காமல் இருப்பது மேல் என்று இருந்தேன். இதில் வேறொன்றும் உண்டு. அதையும் எழுதிவிட்டால் நல்லது. அந்த மார்ச்சிலிருந்து ஜனவரிவரை அவருக்குக் கிடைக்காமல் போன பத்து மாதத்தை நான் மட்டும் எடுத்துக்கொள்வதா என்று இருந்தது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

இத்துடன் அந்த உறையை வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. பதிவுத் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். நீ படி. தெரியாத வார்த்தை இருந்தால் எழுந்து போய்ப் பார். நேரம் எடுத்துக்கொள். நான் காத்திருக்கிறேன்.

அம்மா


ராச்டேல்
4 டிசம்பர்

அன்புள்ள அம்மா,

உறை நேற்று வந்தது. பள்ளியிலிருந்து வரும் வழியில் தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து, கோட்டைக் கழற்றாமல் படித்தேன். மூன்று வார்த்தைகள் எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் அகராதியில் பார்த்தேன். பிறகு கீழ்வீட்டில் குடியிருக்கும் நர்ஸிடம் படியிறங்கிப் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு வரிகூட விடாமல் எழுதுகிறேன்.

திருமதி தெல்மா ஓக்டன் அவர்களுக்கு. ஜூலை ஒன்பதாம் தேதி எடுத்த படங்களை இரண்டாவது டாக்டர் பார்த்தார். இடது மார்பின் மேற்புறத்தில் ஏழு மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறிய நிழல் தெரிகிறது. இது நோய் என்று சொல்ல முடியாது. நோய் இல்லை என்றும் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேலும் படங்கள் எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைத் தாமதிக்காமல் பார்க்கவும்.

"தாமதிக்காமல்" என்பது தடித்த எழுத்தில் இருக்கிறது.

கடைசி வரி: நகல், டாக்டர் ருவேக்கு.

அம்மா, இன்னும் உன் காகிதங்களில் அவர் பெயர்தான் இருக்கிறது. உன் டாக்டர் யார் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தை நீ மாற்றவே இல்லை. அவர் பெயருக்கு வரும் தபாலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம், அதனால்தான் முந்தியானுவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று மதிய இடைவேளையில் அவளுக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள். என் பெயரையும் விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள், "மெதுவா சொல்லுங்க. நானும் மெதுவாத்தான் கேட்பேன்" என்றாள். வரும் பன்னிரண்டாம் தேதி, வியாழன் காலை பத்து மணிக்கு உன்னைப் பார்க்கிறாள். அன்றே படம் எடுக்க நகரத்துக்கு எழுதித் தருகிறாள்.

தலைமை ஆசிரியரிடம் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன். நான் வேலையில் சேர்ந்து எட்டு வருடத்தில் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவர் ஆச்சரியப்பட்டுக் கொடுத்துவிட்டார். முந்தின நாள், புதன் மாலை ரயிலில் வருகிறேன். உன் டீத்தூள் இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன். ஆகஸ்டிலிருந்து நான்கு மாதம் போய்விட்டது. இனி ஒரு நாளும் வேண்டாம்.

நீ பதில் எழுத வேண்டாம் என்ற வரிக்குப் பதில் எழுதவில்லை. நேரில் சொல்கிறேன்.

ஹேலி


லெ மாஸ்
16 ஜனவரி 2014

அன்புள்ள ஹேலி,

நீ போன பிறகு பனி விழுந்து இரண்டு நாள் தபால் வண்டி வரவில்லை. இன்று பதினொரு மணிக்கு வந்தது. நீ வந்தபோது எடுத்த படத்திலும் நிழல் தெரிந்ததால், போன வாரம் ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்தார்களே, அதன் முடிவு. அதே மாதிரி வெள்ளை உறை.

ஸொலாஞ்ஜ் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். மேஜையில் உன் அப்பாவின் கண்ணாடியும் ரொட்டிக் கத்தியும் இருந்தன. கத்தியை எடுத்துப் பிரித்தேன்.

இரண்டு பக்கம். எனக்குப் புரிந்தவை: என் பெயர், தேதி, இடது. இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. நீ விட்டுப்போன அகராதியைத் திறந்தேன், முதல் வார்த்தையைக் கண்டுபிடித்தேன். என்ன என்று இங்கே எழுத மாட்டேன், டாக்டர் சொல்லட்டும். உனக்குப் போன் செய்யவில்லை. நீ வகுப்பில் இருப்பாய். இது நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய காகிதம்.

இன்று வியாழக்கிழமை. முந்தியானு காலையில் நேரம் குறிக்காதவர்களையும் பார்ப்பாள், பன்னிரண்டரை வரை. கோட்டைப் போட்டுக்கொண்டேன். பாதையில் பனி உறைந்திருக்கிறது, உன் அப்பாவின் கைத்தடியை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொள்கிறேன், வரும் வழியில் தபாலில் போடலாம்.

கீழே எழுதுவது டாக்டரின் பேனாவால். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். உள்ளே போனதும் அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், காகிதத்தை வாங்கினாள், இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தாள். புற்றுதான், ஹேலி. ஆனால் சிறியது. வேறெங்கும் போகவில்லை என்று நினைக்கிறாள். பிப்ரவரி நான்காம் தேதி எடுத்துவிடுகிறார்கள். பிறகு கொஞ்சம் கதிர் சிகிச்சை, போய்வர வாடகைக் காருக்கும் மருந்துச் சீட்டு மாதிரி அவளே எழுதித் தருவாள். என் டாக்டர் என்று அவள் பெயரைப் போட்ட அட்டையை மேஜைமேல் வைத்துக் காட்டினாள்.

அதன் பிறகு ஒன்று சொன்னாள். புரியாதது மாதிரி அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எனக்கு முதல் தடவையே புரிந்தது. திரும்பக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"நேரத்தோட வந்துட்டீங்க, மதாம் ஓக்டன். நேரத்தோட வந்துட்டீங்க."

அம்மா